ஃபோட்டோ க்யூப்: மேல்முகம் மட்டும் ஏன் சரிகிறது?

கேள்வி, மார்ச் 4

"மூன்று படங்களை ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொன்றாக டிஸ்டார்ட் செய்து (மூலைகளை இழுத்துச் சாய்த்து) க்யூப் மாதிரி ஒட்டினேன். நடுமூலையில் மூன்றும் சரியாகச் சேர்கின்றன. ஆனாலும் மேலே இருக்கும் படம் மட்டும் பின்பக்கமாகச் சரிந்து விழுவதுபோல் இருக்கிறது. பத்து தடவை இழுத்துப் பார்த்தாயிற்று. தப்பு எந்த மூலையில்?"

மார்ச் 4, இரவு

பின்மூலையில். படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதே இடத்தில் இரண்டு இரவு மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கனசதுரத்தை மேலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும். எட்டு மூலைகளில் ஏழு, பன்னிரண்டு விளிம்புகளில் ஒன்பது. இந்த ஒன்பதும் மூன்று கூட்டம்: செங்குத்தாக இறங்கும் மூன்று, இடப்பக்கம் உள்ளே ஓடும் மூன்று, வலப்பக்கம் உள்ளே ஓடும் மூன்று. நிஜத்தில் ஒரு கூட்டத்தின் மூன்று கோடுகளும் ஒன்றுக்கொன்று இணை. படத்தில் அவை இணையாகவே நிற்கலாம், இல்லாவிட்டால் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போகலாம். இரண்டு கோடுகள் ஒரு புள்ளிக்குப் போய், மூன்றாவது வேறெங்கோ போனால் கண் பிடித்துவிடும். எது தப்பு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. 'ஏதோ சரிகிறது' என்பதோடு நின்றுவிடும்.

நீங்கள் இடமுகத்தையும் வலமுகத்தையும் முதலில் வைத்திருப்பீர்கள். அப்போதே ஆறு மூலைகள் முடிவாகிவிட்டன. ஏழாவதைக் கண்ணளவில் வைத்தீர்கள். ஆனால் முதல் ஆறும் வைத்தாயிற்று என்றால் ஏழாவது எங்கே என்பது ஏற்கெனவே தீர்ந்துவிட்ட விஷயம். அதை இழுத்துப் பார்க்கக் கூடாது, கண்டுபிடிக்கவேண்டும்.

மார்ச் 5, காலை

எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதாமல் தூங்கிவிட்டேன்.

கேன்வாஸைப் பக்கவாட்டில் மூன்று மடங்கு அகலமாக்குங்கள், வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம். மேலே ஒரு காலி லேயர், அதாவது படத்தின் மேல் கண்ணாடித்தாள்போல் ஓர் அடுக்கு. இடமுகத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இடப்பக்கமாக நீட்டிக் கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் இடது மறைபுள்ளி, நேற்றுச் சொன்ன 'ஒரே புள்ளி' அதுதான். வலமுகத்துக்கும் இப்படியே செய்தால் வலது மறைபுள்ளி கிடைக்கும். அப்புறம், வலமுகத்தின் தூர மேல்மூலையிலிருந்து இடது மறைபுள்ளிக்கு ஒரு கோடு. இடமுகத்தின் தூர மேல்மூலையிலிருந்து வலது மறைபுள்ளிக்கு ஒரு கோடு. இவை இரண்டும் வெட்டும் இடம்தான் பின்மூலை. மேல்முகப் படத்தின் நான்காவது மூலையை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

செங்குத்து விளிம்புகளை நேராகவே விட்டிருந்தால் இரண்டு மறைபுள்ளிகளும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருந்தால் மேல்முகத்தைத் தொடவே வேண்டாம், முதலில் பக்கமுகங்களைத் திருத்துங்கள்.

மார்ச் 5, மாலை

"கிம்ப்பில் ஃபில்டர்ஸ் மெனுவுக்குள் மேப் ஆப்ஜெக்ட் இருக்கிறது. பாக்ஸ் என்று கொடுத்தால் க்யூப் தயார். கோடு போட்டு மறைபுள்ளி தேடுவதெல்லாம் வீண்வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

கிம்ப் என்பது ஃபோட்டோஷாப் மாதிரியே படம் திருத்தும் இலவச மென்பொருள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஃபில்டரைத் திறந்தால் முதலில் ப்ளேன் என்றுதான் நிற்கும். பாக்ஸ் என்று மாற்றினால்தான் ஆறு முகங்களுக்கும் படம் தேர்ந்தெடுக்கும் பக்கம் வரும். ஆறு படங்களையும் முன்கூட்டியே திறந்து வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் வராது. ஓரியன்டேஷன் பக்கத்தில் எக்ஸ் அச்சில் 30 டிகிரி, ஒய் அச்சில் 45 டிகிரி அளவில் திருப்பினால் மூன்று முகங்கள் தெரியும். மேல்முகத்துக்குப் பதிலாக அடிமுகம் தெரிந்தால் எக்ஸ் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். பின்னணி ஒளிபுகுவதாக இருக்கவேண்டும் என்றால் அதற்கும் ஒரு டப்பா உண்டு, டிக் செய்யலாம்.

ஒரே கண் நிற்கும் இடத்திலிருந்து ஆறு முகத்தையும் அதுவே கணக்குப் போடுவதால் பின்மூலைப் பிரச்சினை அங்கே எழவே எழாது. கேள்வி கேட்டவருக்கு அவசரம் என்றால் அதிலேயே செய்துகொள்ளட்டும்.

நான் அதை முழுதாக நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. க்யூப் எந்த அளவில் வரும் என்பதைத் திறந்திருக்கும் படத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது. சின்னப் படத்தில் ஓட்டினால் முகங்கள் மங்கிவிடும். விளிம்புகளும் படிக்கட்டுப்போல் வரும், விளிம்பை மென்மையாக்கும் ஆன்டிஅலையாசிங்கைப் போட்டாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. 3000 பிக்சல் கேன்வாஸில் ஓட்டி, பிறகு பாதியாகச் சுருக்கினால் நன்றாக இருக்கிறது. அதைவிட முக்கியம், எல்லாம் முடிந்தபிறகு ஒரு முகத்தை மட்டும் மாற்றவேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து ஓட்டவேண்டும். கையால் செய்த க்யூபில் ஒவ்வொரு முகமும் தனி லேயர்.

மார்ச் 7

மறைபுள்ளியே வேண்டாம் என்பவர்களுக்கு ஐசோமெட்ரிக் வழி இருக்கிறது. எல்லா விளிம்பும் இணையாகவே நிற்கும், எதுவும் எங்கும் போய்ச் சேராது. 1822-இல் வில்லியம் ஃபாரிஷ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இயந்திரங்களை வரைந்து காட்டுவதற்காக இந்த முறையை விளக்கி எழுதினார். விளிம்பை அளந்தால் நீளம் நேராகக் கிடைத்துவிடும் என்பதுதான் அதன் பலன். நமக்கும் அதுவே பலன், எண்களை மட்டும் போட்டால் போதும்.

1000 பிக்சல் சதுரப் படம் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கமுகம் இரண்டுக்கும்: அகலத்தை 866 ஆக்கி, உயரத்தை அப்படியே விட்டு, செங்குத்தாக 30 டிகிரி சாய்க்கவேண்டும். ஒன்றுக்குக் கூட்டல், மற்றதற்குக் கழித்தல். கிம்ப்பில் சாய்ப்பதற்கான ஷியர் கருவி டிகிரியில் கேட்காது, பிக்சலில் கேட்கும். ஒய் பக்கம் 500 என்று கொடுங்கள். மேல்முகத்துக்கு: 45 டிகிரி திருப்பி, உயரத்தைப் பாதியாக அமுக்கவேண்டும். பிறகு மூன்றையும் நகர்த்தி ஒட்டினால் போதும்.

மார்ச் 8

மேலே எழுதியதில் ஒரு தப்பு. "மேல்முகம் பக்கமுகங்களோடு ஒட்டவில்லை, இடையில் ஆப்புபோல் ஓர் இடைவெளி" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது சரி, நான் கொடுத்த எண்தான் தப்பு. ஞாபகத்திலிருந்து எழுதியது.

உயரத்தைப் பாதியாக்குவது பிக்சல் ஆர்ட் விளையாட்டுகளில் வரும் கட்டத்துக்கு உரியது. அங்கே இரண்டு பிக்சல் பக்கவாட்டில் போனால் ஒரு பிக்சல் மேலே, அதாவது 26.57 டிகிரி. நம் பக்கமுகம் 30 டிகிரி. இரண்டையும் கலந்தால் ஆப்பு வரத்தான் செய்யும்.

சரியான எண் இது: 1000 பிக்சல் படத்தை 45 டிகிரி திருப்பினால் மூலைக்கு மூலை 1414 வரும். அதை அகலம் 1732, உயரம் 1000 என்று ஆக்குங்கள். பக்கமுகம் ஒன்று 866 அகலம், இரண்டு சேர்ந்தால் 1732. மேல்முகத்தின் அகலமும் 1732. கேன்வாஸில் இந்த இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மற்ற வேலைக்குப் போங்கள். நான் அப்படிச் சோதித்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

மார்ச் 12

ஏன் இதில் இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன் என்று ஒருவர் கேட்டார். அம்மாவின் படங்கள் ஆறு. பள்ளி நாளில் எடுத்தது ஒன்று, கடைசியாகத் தம்பி எடுத்தது ஒன்று, இடையில் நான்கு. ஆறையும் ஒரு க்யூபில் சேர்த்து அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பவேண்டும் என்று ஆரம்பித்தேன். இந்தக் கேள்வி-பதில் இழையில் நான் எழுதுவதெல்லாம் அதில் கற்றுக்கொண்டதுதான்.

முதலில், அம்மா சிரிக்கும் படத்தை மேல்முகத்தில் வைத்தேன். ஆறில் எனக்கு அதுதான் மிகவும் பிடித்த படம், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும் என்று நினைத்தேன். வைத்துப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. கோடுகள் சரி, மூலைகள் சரி. ஆனால் அம்மா யாரோ படுக்க வைத்ததுபோல் கிடக்கிறார். நெற்றி பின்னால் ஓடுகிறது, தாடை முன்னால் அகன்று நிற்கிறது. வலப்பக்கம் திருப்பி வைத்தேன், இடப்பக்கம் திருப்பி வைத்தேன், எப்படி வைத்தாலும் படுத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. அந்தப் படத்தை எடுத்தபோது கேமரா அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றது. பார்ப்பவரின் கண்ணும் நேராக நிற்பதாகப் படம் எதிர்பார்க்கிறது. மேல்முகமோ தரையில் கிடக்கும் பரப்பு, அதைப் பார்க்கும் கண் மேலிருந்து பார்க்கிறது. படத்துக்குள் ஒரு கண், க்யூபுக்கு ஒரு கண். இரண்டும் சண்டை போட்டால் எந்தக் கருவியாலும் சமாதானம் செய்துவைக்க முடியாது.

அப்புறம் பழைய படங்களையெல்லாம் மறுபடி கொட்டித் தேடினேன். அம்மா மேசையில் கடிதம் எழுதும் படம் ஒன்று அகப்பட்டது. பின்னால் நின்று, மேலிருந்து குனிந்து எடுத்தது. முகமே இல்லை. இரண்டு கை, ஒரு தாள், பேனா மூடி தனியாகக் கிடக்கிறது. அதை மேல்முகத்தில் வைத்தேன். தாள் மேசையில் கிடப்பதுபோலவே க்யூபின் மேல் கிடந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பாகத் தெரியவில்லை. சிரிக்கும் படம் இடமுகத்துக்கு வந்தது.

அதனால் மேல்முகத்துக்கு மேலிருந்து எடுத்த படத்தையே தேடுங்கள். தரை, தண்ணீர், கைகள், தூங்கும் குழந்தை, விரித்த புத்தகம், எதுவானாலும் சரி. நேராகப் பார்க்கும் முகங்கள் பக்கமுகங்களுக்கு. நீண்டு ஓடும் சாலை, தாழ்வாரம் போன்ற படங்களை எந்த முகத்திலும் வைக்காமல் இருப்பது நல்லது. அவற்றுக்குள்ளேயே அழுத்தமான ஒரு மறைபுள்ளி இருக்கிறது, முகத்தில் ஓட்டை போட்டதுபோல் ஆகிவிடும்.

மார்ச் 13

நேற்று விட்டுப்போனது. சதுரமில்லாத படத்தை சதுரத்துக்குள் அமுக்காதீர்கள், வெட்டுங்கள். பக்கமுகத்தில் ஏற்கெனவே அகலம் குறைகிறது. முன்பே அமுக்கிய படத்தை அங்கே வைத்தால் ஆள் குச்சியாகிவிடுவார்.

மார்ச் 15

வெளிச்சம். இதைப் பற்றி யாரும் கேட்காதது எனக்கு ஆச்சரியம்.

ஒரே பிரகாசத்தில் மூன்று முகங்களை ஒட்டினால், கோடுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தட்டையான அறுகோணம்தான். மேல்முகத்தை அப்படியே விடுங்கள். ஒரு பக்கமுகத்தின் மேல் கறுப்பு நிரப்பிய லேயர் வைத்து, மல்டிப்ளை முறையில் (அடியில் இருப்பதை இருட்டாக்கும் முறை), ஒபாசிட்டி, அதாவது லேயரின் அடர்த்தி, 15 சதவீதம். மற்றப் பக்கமுகத்துக்கு 40 சதவீதம். அந்த நொடியில் க்யூப் எழுந்து நிற்கும். நான் ஒவ்வொரு தடவையும் அந்த லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பேன், அலுக்கவே இல்லை.

எந்தப் பக்கத்தை இருட்டாக்குவது என்பதைப் படங்களே சொல்லும். அம்மா சிரிக்கும் படத்தில் ஜன்னல் வெளிச்சம் அவருடைய இடக்கன்னத்தில் விழுகிறது, அதாவது பார்க்கும் நமக்கு வலப்பக்கம். நான் வலமுகத்தை இருட்டாக்கி இருந்தேன். க்யூபுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து, அம்மாவுக்கு வலப்பக்கமிருந்து. மாற்றிவைத்தபிறகு என்ன மாறியது என்று தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் "இப்போ நல்லா இருக்கு" என்றான்.

தரையில் நிழல் போடுவதென்றால் இரண்டு லேயர் தேவை. க்யூபின் அடிவிளிம்பை ஒட்டி மெல்லிய, கறுத்த, மங்காத நிழல் ஒன்று. அதைத் தாண்டி விரிந்து மங்கும் நிழல் இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் க்யூப் தரையில் உட்காராது, மிதக்கும்.

மார்ச் 19

"முகங்கள் சேரும் இடத்தில் மயிரிழைபோல் வெள்ளைக் கோடு தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளியே இல்லை" என்று ஒரு கேள்வி.

பெரிதாக்கிப் பார்த்துவிட்டீர்கள், இன்னும் பெரிதாக்குங்கள். 800 சதவீதம். விளிம்பில் இருக்கும் பிக்சல்கள் பாதி ஒளிபுகுவன, சாய்ந்த கோடு படிக்கட்டாகத் தெரியாமலிருக்க மென்பொருள் அப்படித்தான் செய்யும். இடமுகத்தின் விளிம்புப் பிக்சல் பாதி, வலமுகத்தின் விளிம்புப் பிக்சல் பாதி. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு ஆகவேண்டும் என்று தோன்றும். ஆகாது. பாதி மறைத்ததில் மிச்சமிருப்பதை இன்னொரு பாதி மறைத்தால் முக்கால்தான் மறையும். மீதிக் கால்வாசியில் பின்னணி எட்டிப் பார்க்கிறது. பின்னணி வெள்ளையாக இருந்தால் வெள்ளைக் கோடு.

தீர்வு எளிது. அடியில் இருக்கும் முகத்தை ஒரு பிக்சல் வெளியே நீட்டி, மேலே இருக்கும் முகத்தின் அடியில் செருகுங்கள். அல்லது மூன்று முகங்களுக்கும் அடியில் ஒரு லேயர் வைத்து, சேரும் விளிம்புகள் நெடுக இரண்டு பிக்சல் கனத்தில் அடர்நிறக் கோடு போடுங்கள். நான் முதலாவதைச் செய்கிறேன்.

மார்ச் 20

இன்னொன்று: ஒரே லேயரைத் திருப்பி, என்டர் தட்டி, சுருக்கி, என்டர் தட்டி, சாய்த்து, என்டர் தட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் பிக்சல்களைப் புதிதாகக் கலக்கிறது, படம் மங்குகிறது. ஃபோட்டோஷாப்பில் முதலில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டால் எத்தனை தடவை இழுத்தாலும் மூலப் படத்திலிருந்தே கணக்குப் போடும். கிம்ப் என்றால் மூலப் படத்தின் நகல் லேயர் ஒன்றை அணைத்து வைத்திருங்கள். தப்பானால் இழுத்ததையே மறுபடி இழுக்காமல், நகலிலிருந்து தொடங்குங்கள்.

ஏப்ரல் 2

"ஃபோட்டோஷாப்பின் 3டி மெனுவில் க்யூப் என்று இருந்ததே, எங்கே போனது?"

2021-இல் அந்த வசதிகளைக் கைவிட ஆரம்பித்தார்கள். பழைய பாடங்களில் பார்த்துவிட்டுத் தேடாதீர்கள். ஃபில்டர் மெனுவில் வேனிஷிங் பாயின்ட் இன்னும் இருக்கிறது, 2005-இல் வந்தது. க்யூபுக்கு அது நன்றாகவே உதவுகிறது. முன்முகம் ஒன்றின் நான்கு மூலைகளைக் கிளிக் செய்து ஒரு தளம் போடுங்கள். கட்டம் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ ஆனால் அந்த நான்கு மூலைகளால் ஒழுங்கான தளம் அமையவில்லை என்று பொருள். பிறகு கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு விளிம்பின் நடுப்புள்ளியை இழுத்தால் அதற்குச் செங்குத்தான அடுத்த தளம் பிறக்கும். காப்பி செய்து வைத்த படத்தை உள்ளே ஒட்டித் தளத்தின்மேல் நகர்த்தினால் அதுவே சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் மார்ச் 5-இல் கோடு போட்டுத் தேடச் சொன்ன பின்மூலையை இது தானாகவே கண்டுபிடித்துவிடுகிறது. முதலில் இதைத்தான் சொல்லியிருக்கவேண்டுமோ என்று யோசித்தேன். இல்லை என்றே தோன்றுகிறது. கட்டம் ஏன் சிவப்பாகிறது என்று புரியவேண்டுமானால் கோடுகளை ஒரு தடவையாவது கையால் போட்டிருக்கவேண்டும்.

கிம்ப்காரர்களுக்கு: 2.10.18 பதிப்பிலிருந்து 3டி ட்ரான்ஸ்ஃபார்ம் என்றொரு கருவி இருக்கிறது. கேமரா பகுதியில் எல்லா லேயருக்கும் அதே எண்களைக் கொடுத்தால் எல்லா முகத்துக்கும் ஒரே கண் கிடைக்கும்.

ஏப்ரல் 6

ஒளிபுகும் க்யூப் செய்யலாமே, ஆறு படமும் ஒரே நேரத்தில் தெரியுமே என்று அக்கா கேட்டாள். செய்து பார்த்தேன். ஆறு முகத்துக்கும் ஒபாசிட்டி 50. பார்த்துக்கொண்டே இருந்தால் க்யூப் திடீரென்று புரண்டுவிடுகிறது. முன்முகம் பின்னால் போய், பின்முகம் முன்னால் வந்துவிடுகிறது. கண்ணை மூடித் திறந்தால் மறுபடி பழையபடி.

இதை 1832-இல் லூயி நெக்கர் என்ற சுவிஸ் நாட்டுப் படிகவியலாளர் எழுதி வைத்திருக்கிறார். வெறும் கோடுகளால் வரைந்த படிகங்களின் படம் அவருக்கும் இப்படிப் புரண்டிருக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்று படத்தில் தகவலே இல்லாததால் மூளை இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறது.

அந்தத் தகவலை நாம்தான் கொடுக்கவேண்டும். பின்னால் இருக்கும் மூன்று முகங்களையும் மங்கலாக்கி, நிறத்தைப் பாதி குறைத்து, முன்முகங்களுக்கு 75 சதவீதம் கொடுத்தேன். புரள்வது நின்றுவிட்டது. ஆனால் அம்மாவின் முகத்துக்குள் இன்னொரு முகம் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவும் வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 15

தம்பிக்குச் சுழலும் க்யூப் வேண்டுமாம், பிரவுசரில். அதற்கு எடிட்டிங் மென்பொருளே தேவையில்லை. 300 பிக்சல் சதுரம் ஆறு, ஒவ்வொன்றையும் உரிய பக்கம் திருப்பி 150 பிக்சல் முன்னால் தள்ளினால் இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸே க்யூபைக் கட்டிவிடும். பாதி அளவு தள்ளுவதுதான் சூத்திரம், ஏனென்றால் ஆறு முகமும் நடுப்புள்ளியிலிருந்து அரைப் பக்க தூரத்தில் இருக்கின்றன.

என்னுடையது மட்டும் தட்டையாகவே சுற்றியது. ஒரு முழு மாலை போயிற்று. ஆறு முகங்களையும் தாங்கும் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளியே போவதை மறை) என்று போட்டிருந்தேன். அதைப் போட்டால், முகங்களை முப்பரிமாணத்தில் நிறுத்தும் ப்ரிசர்வ்-3டி வேலை செய்யாது, எல்லா முகமும் ஒரே தளத்தில் அமுங்கிவிடும். அந்தப் பெட்டிக்கே ஒபாசிட்டியைக் குறைத்தாலும் இதே கதி. அந்த ஒரு வரியை எடுத்ததும் க்யூப் விரிந்தது.

ஏப்ரல் 27

திரையில் எல்லாம் முடிந்தபிறகு கையில் பிடிக்கிற க்யூப் ஒன்று செய்யத் தோன்றியது. இழையின் தலைப்பிலிருந்து விலகிப் போகிறேன், ஆனாலும் ஆரம்பிப்பது அதே மென்பொருளில்தான்.

பக்கம் 6 சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு முகம் 709 பிக்சல். கனசதுரத்தை விரித்தால் பதினோரு விதமாக விரிக்கலாம். நான் எல்லாருக்கும் தெரிந்த சிலுவை வடிவத்தை எடுத்தேன். பன்னிரண்டு விளிம்புகளில் ஐந்து மடிப்பாகிவிடும், மீதி ஏழுக்கு ஒட்டுநாக்கு வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நாக்குகளோடு 20-க்கு 25-க்குள் அடங்கிவிடுகிறது. ஏ4 தாளில் தாராளமாக வரும். பக்கத்தை 7 ஆக்கினால் வராது.

மடிப்பதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து, எழுதாத பேனா முனையால் மடிப்புக்கோட்டை அழுத்திக் கீறவேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளை தெரியும்.

ஒட்டி முடித்துத் திருப்பினேன். பின்முகத்தில் அம்மா தலைகீழாக இருந்தார்.

ஏப்ரல் 28

காரணம் பிடிபட்டது. சிலுவையை நிறுத்தி வைத்தால் மேல்முகம், முன்முகம், அடிமுகம், பின்முகம் என்று ஒரே வரிசையில் இறங்குகின்றன. கடைசியில் வரும் பின்முகம் மடியும்போது கீழிருந்து மேலே எழும்புவதால் தாளில் அதைத் தலைகீழாக வைத்தால்தான் க்யூபில் நேராக நிற்கும்.

சிலுவையைப் படுக்க வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. நான்கு பக்கமுகங்களும் கிடைவாக்கில் ஒரு பட்டை, எல்லாப் படமும் நேராக. மேல்முகமும் அடிமுகமும் ஏதாவது ஒரு முகத்தின் மேலேயும் கீழேயும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது க்யூபை அப்படிச் செய்தேன்.

மே 3

அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்து, 100 சதவீதம் என்று கொடுங்கள். ஒருவருக்கு ஆறு முகமும் 5.7 சென்டிமீட்டராக வந்து, ஏற்கெனவே செய்துவைத்த பெட்டிக்குள் க்யூப் ஆடுகிறதாம்.

மே 9

மார்ச் 4-இல் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. மூன்று கூட்டமும் ஒழுங்காக அந்தந்தப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தும் க்யூப் விகாரமாகத் தெரிகிறது என்று இருவர் படம் காட்டினார்கள். கோடுகளை நீட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே சந்திக்கின்றன. ஆனால் இரண்டு மறைபுள்ளிகளும் க்யூபை ஒட்டியே நிற்கின்றன. மூக்கு இடிக்கும் தூரத்திலிருந்து க்யூபைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

அளக்க ஒரு வழி. கண்ணுக்கு அருகில் இருக்கும் அடிமூலையில் இரண்டு கீழ்விளிம்புகள் சேரும் கோணத்தைப் பாருங்கள். ஐசோமெட்ரிக்கில் அது 120. பெர்ஸ்பெக்டிவ், அதாவது கோடுகள் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்குவது, கூடக்கூட அது குறையும். 90-க்குக் கீழே போனால் ஈட்டி முனைபோல் குத்திக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூட வடிவியலே போதும்: இரண்டு மறைபுள்ளிகளை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் அதன்மேல் இருக்கும் எந்தப் புள்ளியிலும் கோணம் 90. அடிமூலை அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். எனக்கு 105-லிருந்து 115 வரை பிடித்திருக்கிறது.

மே 18

முதல் கேள்வி கேட்டவர் திருத்திய படத்தை அனுப்பியிருக்கிறார். கேன்வாஸை நீட்டிக் கோடு போட்டுப் பார்த்தேன். இடப்பக்கக் கோடுகள் மூன்றும் ஒரு புள்ளியில், வலப்பக்கக் கோடுகள் மூன்றும் ஒரு புள்ளியில், இரண்டும் ஒரே மட்டத்தில். அடிமூலை 108 டிகிரி. மேல்முகத்தில் முன்பு ஒரு குழுப்படம் வைத்திருந்தாராம், அதை எடுத்துவிட்டு கடற்கரை மணலில் பதிந்த காலடிகளை வைத்திருக்கிறார். மணல் கிடக்கிறது, சரியவில்லை.

இட, வல முகங்கள் சேரும் விளிம்பில், கீழேயிருந்து கால்வாசி உயரம் வரை வெள்ளை இழை ஒன்று இன்னும் தெரிகிறது. இடமுகத்தை ஒரு பிக்சல் உள்ளே செருகுங்கள்.